அசையாத தொண்ணூற்றாறு

ஓய்வு பெற்றவர்களுக்கு ஆபீசிலிருந்து போன் வந்தால் இரண்டே காரணங்கள்தான் இருக்கும். யாராவது போய்ச் சேர்ந்திருப்பார்கள், அல்லது ஏதாவது பாஸ்வேர்டு தொலைந்திருக்கும். போன வாரம் பிரவீன் கூப்பிட்டபோது இரண்டுக்கும் தயாராகத்தான் போனை எடுத்தேன். குன்னூர் தலைமை அலுவலகத்தில் நான் உட்கார்ந்திருந்த நாற்காலியில் இப்போது உட்கார்ந்திருக்கும் இன்ஜினீயர் அவர்.

"மேடம், நடுவட்டம் ஃபேக்டரிக்குப் புது சர்வர் வந்திருக்குதுங்க. பழசுல இருக்கறதையெல்லாம் மாத்திட்டிருக்கேன். அதுல ஒரு சின்ன ஃபைல் இருக்குதுங்க. டிஸ்க்ல எழுதறதைக் கட்டுப்படுத்தற ரெண்டு வரி. மேல ஒரு குறிப்பு: 'காரணம் தெரியாமல் அழிக்காதே. அருளப்பனைக் கேள்.' நம்ம லிஸ்ட்ல அருளப்பன்னு யாருமே இல்லீங்களே. யாருங்க அது?"

அந்தக் குறிப்பை எழுதியது நான்தான். போனில் சொல்லி முடிகிற கதை இல்லை, எழுதி அனுப்புகிறேன் என்றேன். மொட்டை மாடியில் காயப்போட்ட துணியை எடுத்து வைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டேன்.

என் ஆரம்ப காலத்தைப் பற்றிச் சொல்லப் பெரிதாக ஒன்றுமில்லை. ஊட்டி மார்க்கெட்டில் அத்தாவுக்குத் துணிக்கடை. கோயமுத்தூரில் டிப்ளமோ முடித்துவிட்டு, தேயிலைக் கம்பெனியில் டைப்பிஸ்டாகச் சேர்ந்தேன். கம்ப்யூட்டர் வந்தபோது அதைத் தொடப் பயப்படாத ஒரே ஆள் நான் என்பதால் அது என் மேசைக்கு வந்தது. நான்கு ஃபேக்டரிகளின் சர்வர்களும் ஒவ்வொன்றாக என் தலையில் விழுந்தன. முப்பத்தோரு வருடம் அவற்றைச் சுமந்தேன். நன்றாகவே சுமந்தேன் என்று சொல்லிக்கொள்வதில் எனக்கு வெட்கமில்லை.

எங்கள் பிரிவின் தலைவர் ஐசக் சார். வருடம் முழுவதும் ஒரே பழுப்பு ஸ்வெட்டர், கைகள் இரண்டும் அதன் பைக்குள். கீபோர்டைத் தொட்டு நான் பார்த்ததில்லை. ஆனால் அவர் பின்னால் வந்து நின்றால் என் விரல் தானாக நின்றுவிடும். எந்த சர்வரில் எதை மாற்றினாலும் முதலில் நோட்டில் நான்கு வரி எழுத வேண்டும் என்பது அவர் சட்டம். இப்போது என்ன நடக்கிறது? எந்த ஒன்றை மாற்றப் போகிறேன்? மாற்றினால் என்ன நடக்கும் என்று எதிர்பார்க்கிறேன், எண்ணோடு? தப்பாகப் போனால் எப்படித் திருப்பிப் போடுவேன்? அதற்குக் கீழே கையெழுத்து. பிறகுதான் கீபோர்டு. மாற்றிய பின் ஒரு முழு நாள் வேறு எதையும் தொடக் கூடாது.

"ஒண்ணே ஒண்ணுதானுங்க நூர்ஜஹான்," என்பார். "ரெண்டை மாத்தினா எது வேலை செஞ்சுதுன்னு கர்த்தருக்கு மட்டும்தான் தெரியும். அவரு நமக்கு ரிப்போர்ட் எழுத மாட்டாருங்க."

எனக்கு அந்த நோட்டைக் கண்டாலே எரிச்சல். ஐந்து நிமிட வேலைக்கு அரை மணி நேரம் கட்டுரை எழுதச் சொல்கிறாரே என்று முணுமுணுப்பேன். அவர் காதில் விழும்படியே முணுமுணுப்பேன். அவர் ஸ்வெட்டர் பைக்குள் கையை இன்னும் ஆழமாக நுழைத்துக்கொண்டு போய்விடுவார்.

இனி நடுவட்டம். தேயிலையைக் கடைசியாக உலர்த்தி எடுக்கும் இயந்திரம் டிரையர். விறகு அடுப்பிலிருந்து சூடான காற்று வரும். சூடு ஏறினால் டேம்பர் என்கிற தகட்டுக் கதவைத் திறந்து குளிர்காற்றைக் கலக்க வேண்டும். ஒரு காலத்தில் டிரையர்காரர் மூக்கையும் உள்ளங்கையையும் வைத்துக்கொண்டு இதைச் செய்வார். பிறகு ஒரு புரோகிராம் வந்தது. அது வெப்பத்தை அளக்கும், ஸ்கிரீனில் காட்டும், ஒரு வரியாக டிஸ்கில் எழுதும், எழுதியாயிற்று என்று டிஸ்க் சொன்ன பிறகுதான் டேம்பருக்கு உத்தரவு போடும். டிஸ்க் பதில் சொல்லும்வரை டேம்பர் காத்திருக்கட்டும் என்று முடிவு செய்த அந்தப் புத்திசாலியை நான் இன்றுவரை தேடிக்கொண்டிருக்கிறேன்.

அதே சர்வரில் இன்னொரு வேலையும் ஓடியது. தூளில் கிடக்கும் காம்பைப் படம் பிடித்துப் பிரிக்கும் இயந்திரம் ஒன்று உண்டு. அது எடுத்த படங்களெல்லாம் தினமும் பகல் இரண்டு மணிக்கு மொத்தமாக சர்வருக்கு வந்து சேரும். அந்த நேரத்தில் டிரையர் ஸ்கிரீன் நாற்பது வினாடி போல உறைந்து நிற்கிறது என்று புகார் வந்தது.

ஐசக் சார் மகள் கல்யாணத்துக்காக ஒன்றரை மாத லீவில் இருந்தார். நோட்டு அவர் மேசையில் இருந்தது. நான் அதைத் திறக்கவில்லை. பார்த்த மாத்திரத்தில் மெமரி போதவில்லை என்று சொல்லிவிட்டேன். எட்டு ஜிபியை அறுபத்து நான்காக்கச் சொல்லி எழுதிக் கொடுத்தேன், வாங்கினார்கள், நானே நடுவட்டத்துக்கு பஸ் ஏறிப் போய்ப் பொருத்தினேன். ஃபேக்டரி மேனேஜருக்கு ஏகப்பட்ட சந்தோஷம். டிரையர் பக்கத்தில் ஒரு நோட்டீசே ஒட்டிவிட்டார்: டேம்பரைக் கையால் தொடக் கூடாது, கம்ப்யூட்டர் பார்த்துக்கொள்ளும். அதை ஒட்ட டேப் கொடுத்ததும் நான்தான்.

மூன்று வாரம் மழை இல்லை, இலை வரத்து குறைவு, படங்களும் குறைவு. ஒரு தொந்தரவும் இல்லை. மழை பெய்து இலை குவிந்த வாரத்தில் ஒரு நாள் பகல் இரண்டேகாலுக்குள் டிரையரிலிருந்த தூள் அத்தனையும் கருகிப்போனது.

அந்த ஷிப்டில் டிரையரில் நின்றவர்தான் அருளப்பன். இலங்கையிலிருந்து சின்ன வயதில் பெற்றோரோடு திரும்பி வந்தவர். ஃபேக்டரியை இன்னும் 'இஸ்டோரு' என்றுதான் சொல்வார். இருபத்தாறு வருடம் அதே டிரையரில் நின்றவர். அவர் கண்ணை மூடிக்கொண்டு நின்றதை, தூள் தயாரிப்பை மேற்பார்வை பார்க்கும் உதவி டீமேக்கர் ஒருவர் கண்ணாடி வழியே பார்த்திருக்கிறார். புரோகிராம் எழுதிய பதிவில் இரண்டு மணிக்கு மேல் சில நிமிடங்கள் காணவில்லை. இரண்டையும் சேர்த்து மெமோ தயாராகிவிட்டது: புரோகிராமை நிறுத்தி வைக்கும் பட்டனை அழுத்திவிட்டு நின்றபடியே தூங்கினார். எட்டாம் நாள் விசாரணை. வேலை போனால் கம்பெனி கொடுத்த லயத்து வீடும் போய்விடும். அந்த வீட்டில் அவர் மனைவியும் பன்னிரண்டாம் வகுப்பு படிக்கும் மகளும் இருந்தார்கள்.

என்னிடம் சர்வரைப் பற்றி அறிக்கை கேட்டார்கள். 'மெமரி தாராளமாக உள்ளது. சர்வரில் குறை இல்லை' என்று ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பினேன். என் சர்வீசில் நான் எழுதிய மிகச் சின்ன அறிக்கை அது, மிக மோசமானதும் அதுதான்.

ஐந்தாம் நாள் ஐசக் சார் லீவு முடிந்து வந்தார். கல்யாண லட்டை என் மேசையில் வைத்துவிட்டு அறிக்கையைப் படித்தார். பிறகு புரோகிராமின் பதிவை எடுக்கச் சொன்னார். இரண்டு மணி நான்கு நிமிடத்துக்கு ஒரு வரி இருந்தது. அதற்கு அடுத்த வரி ஐந்து நிமிடம் பதினேழு வினாடி கழித்து வந்திருந்தது.

"இந்த அஞ்சு நிமிசம் எங்கீங்க போச்சு?" என்றார்.

"அவர் பட்டனை அழுத்தி நிறுத்திட்டாருன்னு சொல்றாங்க சார்."

"அவருகிட்ட நீங்க கேட்டீங்களா?"

நான் கேட்கவில்லை. யாருமே கேட்கவில்லை. அவருக்குக் கொடுத்த தாளில் கையெழுத்து வாங்கியதோடு சரி. ஐசக் சார் லட்டை என் பக்கம் இன்னும் கொஞ்சம் தள்ளி வைத்தார். "சாப்பிட்டுட்டுப் பஸ் ஏறுங்க" என்றார்.

லட்டைக் கைப்பையில் வைத்துக்கொண்டேன். அன்று மதியமே நடுவட்டம் போனேன். அருளப்பன் லயத்து வாசலில் விறகு பிளந்துகொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் கோடாலியைச் சாய்த்து வைத்துவிட்டு, மகளிடம் பிளேன்டீ போடச் சொன்னார். எனக்கு அங்கே உட்காரவே கூச்சமாக இருந்தது.

"ஏனுங்கண்ணா, அன்னிக்கு என்னதான் நடந்துச்சு? நீங்க பட்டனைத் தொட்டீங்களா?"

"நான் ஒண்ணையும் தொடலம்மா. பட்டனை அமுக்குனா நம்பரு மறைஞ்சி செவப்பா எழுத்து வரும். அன்னைக்கு நம்பரு அப்பிடியே நின்னிச்சி. தொண்ணூத்தாறு. அது நிக்கிற நம்பரு இல்லம்மா, எப்பவும் ஒண்ணு ஏறும், ஒண்ணு எறங்கும். அன்னைக்கு அசையவே இல்ல."

"எவ்வளவு நேரம்?"

அவர் கொஞ்சம் தயங்கினார். மனைவியைப் பார்த்தார். அந்த அம்மாள் தலையாட்டினார்.

"இஸ்டோருல கையில வாச்சி கட்டக் கூடாதும்மா, பெல்ட்டுல மாட்டிக்கிரும். நான் செபமாலை சொல்லித்தான் நேரம் பாக்குறது. ஒரு பத்து செபம் சொல்லி முடிச்சா கண்ணத் தொறந்து நம்பரப் பாப்பேன். அன்னைக்கு மொதப் பத்து முடிச்சிப் பாத்தேன், தொண்ணூத்தாறு. லேசா வாடை அடிச்சிச்சி. பொறகு கண்ண மூடல. நம்பரையே பாத்துக்கிட்டு ரெண்டாவது பத்தும் சொன்னேன். முடியப்போற நேரம் நம்பரு ஒரே தாவா நூத்தி இருபத்தெட்டுக்குப் போயிருச்சி."

"டேம்பரைக் கையால தொறந்திருக்கலாமுல்லங்கண்ணா?"

"தொடக் கூடாதுன்னு ஒட்டியிருக்கே. டீமேக்கர் ஐயாவக் கூப்பிட்டுச் சத்தம் போட்டேன், மெசின் சத்தத்துல யாருக்குக் கேக்கும்? நோட்டீச மீறினாலும் மெமோ, மீறலன்னாலும் மெமோ."

இதை ஏன் யாரிடமும் சொல்லவில்லை என்று கேட்டேன். டியூட்டி நேரத்தில் செபம் சொன்னது தெரிந்தால் அதுவும் ஒரு குற்றமாகிவிடுமோ என்று பயந்திருக்கிறார். அவரைத் தூங்கியவர் என்று எழுதவைத்த மூடிய கண், முணுமுணுக்கும் உதடு இரண்டும் செபமாலைதான். எங்கள் வீட்டில் தஸ்பீஹ் மணி உருட்டும்போது அம்மாவின் முகமும் அப்படித்தான் இருக்கும். அதைத் தூக்கம் என்று ஒரு நாளும் நான் நினைத்ததில்லை.

போனில் ஸ்டாப்வாட்சைத் திறந்தேன். "அண்ணா, எப்பவும் சொல்ற மாதிரியே ஒரு பத்து சொல்லுங்க" என்றேன். சுவரில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டு சொன்னார். இரண்டு நிமிடம் முப்பத்தெட்டு வினாடி. இரண்டு பத்துக்கு ஐந்து நிமிடம் பதினாறு. பதிவில் காணாமல் போனது ஐந்து நிமிடம் பதினேழு. அந்தப் பதிவை அவருக்கு யாரும் காட்டியதில்லை. தூங்கிய மனிதரால் இந்தக் கணக்கைச் சொல்லியிருக்க முடியாது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. பாதி சந்தோஷம், பாதி அவமானம்.

திரும்பும் பஸ்ஸிலேயே மீதியும் புரிந்துவிட்டது. கெர்னல் என்பது சர்வரின் உள்ளே இருந்துகொண்டு யார் எப்போது டிஸ்கில் எழுதலாம் என்று முடிவு செய்யும் பகுதி. வந்ததையெல்லாம் அது உடனே எழுதாது. மெமரியில் வாங்கி அடுக்கி வைத்துக்கொள்ளும். அப்படி எழுதாமல் நிற்பவற்றுக்குக் கம்ப்யூட்டர்காரர்கள் வைத்த பெயர் 'அழுக்கு'. இந்த அழுக்கு, மொத்த மெமரியில் பத்து சதவீதத்தைத் தொட்டால் பின்னணியில் எழுத ஆரம்பிக்கும். இருபதைத் தொட்டால்தான் அனுப்புகிறவரையே நிறுத்தும். எட்டு ஜிபியில் இருபது சதவீதம் என்பது அந்தக் கிழட்டு டிஸ்குக்கு நாற்பது வினாடி வேலை. அறுபத்து நான்கில் ஐந்து நிமிடம் இருபது வினாடி. டிரையரின் ஒற்றை வரி அந்தக் குவியலுக்குப் பின்னால் போய் நின்றது. நான் மெமரியை எட்டு மடங்கு ஆக்கினேன், காத்திருப்பும் எட்டு மடங்கு ஆனது. கருகிய தூளுக்குக் காரணம் நான் கையால் பொருத்திய மெமரி.

மறுநாள் ஐசக் சாரிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். நோட்டை என் முன்னால் திறந்து வைத்தார். நான்கு வரி எழுதினேன். 'எதிர்பார்ப்பு' என்ற இடத்தில், இப்போது உள்ளபடி விட்டால் ஐந்து நிமிடம் இருபது வினாடி உறையும், மாற்றினால் மூன்று வினாடிக்கு மேல் உறையாது என்று எழுதினேன். கையெழுத்துப் போடப் போனேன்.

"அதுக்கு மேல இன்னொரு வரி எழுதுங்க. மெமரி போடச் சொன்னது யாருன்னு."

எழுதினேன். என் பெயர் அன்றைக்கு ரொம்ப நீளமாகத் தெரிந்தது.

விசாரணை நாளன்று, நேரத்துக்கு முன்பே இருவரும் நடுவட்டத்தில் இருந்தோம். ஐசக் சார் நோட்டை மேனேஜரிடம் நீட்டி, இரண்டு மணிக்கு டிரையரைத் தூள் இல்லாமல் ஓட்டிக் காட்டச் சொன்னார். மேனேஜர் கடைசி வரியைப் படித்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"அப்ப மெமோவை இவங்களுக்குத்தான் குடுக்கணுமுங்க."

"தாராளமாக் குடுங்க," என்றார் ஐசக் சார். "அவங்களே எழுதித் தந்துட்டாங்க. உங்களுக்கு டைப் அடிக்கற வேலை மிச்சமுங்க."

மேனேஜர், டீமேக்கர், அந்த உதவி டீமேக்கர், யூனியன்காரர் ஒருவர், நாங்கள் எல்லோரும் டிரையர் முன்னால் நின்றோம். அருளப்பனைத் தம் இடத்தில் நிற்கச் சொன்னோம். இரண்டு மணிக்கு, தூள் கருகிய அன்றைய படங்களையே திரும்ப அனுப்ப ஆரம்பித்தோம். எண் கொஞ்ச நேரம் ஏறி இறங்கியது. பிறகு தொண்ணூற்று நான்கில் நின்றது. மேனேஜர் கடிகாரத்தைப் பார்த்தார். அருளப்பன் கண்ணை மூடினார், உதடு அசைந்தது. உதவி டீமேக்கர் அந்த முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அருளப்பன் கண்ணைத் திறந்தார். "ரெண்டு முடிஞ்சிச்சி" என்றார். அவர் சொல்லி முடிப்பதற்குள் எண் தாவியது. மேனேஜர் கடிகாரத்தில் ஐந்து நிமிடம் பத்தொன்பது வினாடி. நான் எழுதியதற்கு ஒரு வினாடி குறைவு. மெமோ வாங்கப் போகிறவள் என்பதையும் மறந்து நான் கை தட்டிவிட்டேன்.

மேனேஜருக்கு இன்னும் ஒரு சந்தேகம். "மெமரியைக் கூட்டினா எப்படிங்க மோசமாகும்?"

"சார், இலை வாடப்போடற மாடியை எட்டு மடங்கு பெருசாக் கட்டிட்டு, கீழ அரைக்கற மெசின் மட்டும் அதே ஒண்ணுன்னு வைங்க. கடைசியா வந்த இலை எப்ப மெசினுக்குப் போகும்?"

தேயிலையிலேயே பிறந்து வளர்ந்த மனிதருக்கு அதற்குமேல் விளக்கம் தேவைப்படவில்லை. "மாடி நெறையறதுக்கு முன்னாடியே கேட்டுல லாரியை நிறுத்தோணும்" என்று அவரே சொன்னார்.

அதைத்தான் செய்தேன். சதவீதக் கணக்கை எடுத்துவிட்டு, அழுக்கு இவ்வளவுதான் சேரலாம் என்று அளவாகவே எழுதினேன்: நூற்று இருபத்தெட்டு எம்பி. மூன்று வினாடியில் டிஸ்க் எழுதித் தீர்க்கக்கூடிய அளவு. எழுத ஆரம்பிக்கும் அளவையும் அதில் பாதியாகக் குறைக்க விரும்பினேன். "ஒண்ணு" என்றார் ஐசக் சார். அந்தக் கூட்டத்துக்கு நடுவிலும் விடவில்லை. முதல் வரியை மட்டும் போட்டு அதே படங்களை மறுபடி அனுப்பினோம். எண் ஒரு தடவைகூட நிற்கவில்லை. தொண்ணூற்றைந்து, தொண்ணூற்றேழு, தொண்ணூற்று நான்கு என்று விளையாடியது. டேம்பர் திறந்து மூடுகிற டக் டக் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. அதைவிட நல்ல சத்தத்தை நான் என் சர்வீசில் கேட்டதில்லை.

"படம் வர்றது இழுத்துக்கிட்டுப் போகுதுங்களே" என்றார் மேனேஜர்.

"காத்திருக்க வேண்டியது இப்பத்தான் காத்திருக்குதுங்க" என்றார் ஐசக் சார். இரண்டாவது வரியை மறுநாள் போட்டேன்.

விசாரணை பத்து நிமிடத்தில் முடிந்தது. மெமோவைத் திரும்பப் பெறுவதாக மேனேஜர் சொன்னார். டிரையருக்குப் போய் அந்த நோட்டீசைத் தம் கையாலேயே கிழித்தார். திரும்பி வந்து அருளப்பனிடம், "வேற ஏதாச்சும் வேணுமா, சொல்லுங்க" என்றார். யூனியன்காரர், டிரையருக்கு நேராக ஒரு சுவர்க் கடிகாரம் கேட்கச் சொல்லிக் காதில் ஓதினார்.

அருளப்பன் கடிகாரம் கேட்கவில்லை. "ஐயா, மெமோவ வாங்கிக்கிட்டீங்க, சந்தோசம். ஆனா ரிஜிஸ்டர்ல 'தூங்கினார்'னு எழுதியிருக்கு. அத அடிச்சிட்டு 'செபம் சொன்னார்'னு எழுதணும்."

மேனேஜர் பேனாவை எடுத்தார். ரிஜிஸ்டரில் பழைய சொல்லை அடித்துவிட்டுப் புதியதை எழுதி, பக்கத்தில் கையெழுத்துப் போட்டார். அருளப்பன் எழுத்துக் கூட்டி ஒருமுறை படித்துப் பார்த்துவிட்டு, டிரையருக்கு வேலைக்குப் போனார். அதே வீட்டிலிருந்துதான் மகளைக் கல்லூரிக்கு அனுப்பினார், அதே டிரையரிலிருந்துதான் ரிட்டயரானார்.

எனக்கும் மெமோ வந்தது. நான் வாங்கிய ஒரே மெமோ. பாராட்டுக் கடிதங்களை எங்கே வைத்தேன் என்று தெரியவில்லை, அது மட்டும் பீரோவில் பத்திரமாக இருக்கிறது.

ஆகவே பிரவீன், புது சர்வரில் மெமரி இன்னும் பெரிது, டிஸ்கும் வேகமானது. என் எண்களை அப்படியே காப்பி அடிக்காதீர்கள், கண்ணை மூடிக்கொண்டு அழிக்கவும் செய்யாதீர்கள். அந்த நோட்டு உங்கள் மேசையின் கீழ் டிராயரில் இருக்கிறது. நான்கு வரி எழுதுங்கள், பகல் இரண்டு மணிக்கு டிரையர் முன்னால் போய் நில்லுங்கள், பிறகு முடிவு செய்யுங்கள். எண்களை எப்படி வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளுங்கள், பெயரை மட்டும் அழிக்காதீர்கள்.

அருளப்பன் யார் என்று கேட்டீர்கள். அன்றைக்கு அந்த ஃபேக்டரியில் சர்வர் தூங்கியது, நானும் தூங்கினேன். விழித்திருந்தது அவர் ஒருவர்தான்.